தோட்டத்துக் கல்யாணத்தில் கேக்கின் உச்சிக்கு அம்மம்மாவின் பழைய சோடிப் பொம்மை பொருந்துமா?

வளவுக்காரி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் திருமணம் வருகின்ற ஓகஸ்ட் மாதக் கடைசியில் நடைபெறவுள்ளது. பிற்பகல் 3 மணிக்குக் கோயிலில் திருப்பலி முடிந்ததும், மண்டபம் எதுவும் எடுக்காமல், மானிப்பாயில் உள்ள எங்கள் வீட்டு வளவிலேயே, கிணற்றடிக்கு மேற்கே நிற்கும் இரண்டு மாமரங்களுக்கு இடையில் பந்தல் போட்டு வரவேற்பை நடத்தத் தீர்மானித்திருக்கிறோம். கேக் மூன்று அடுக்கு. கீழ் இரண்டு அடுக்கும் வழமைபோல, வெறும் பார்வைக்கு வைக்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்). வெட்டுவதற்கான மேல் அடுக்கு மட்டும் 6 அங்குல விட்டமுள்ள உண்மையான பட்டர் கேக், அதன்மேல் பட்டர் ஐசிங். வருபவர்களுக்குக் கொடுக்கும் ரிச் கேக்கைத் தனியாகத் துண்டு போட்டுப் பெட்டிகளில் வைக்கிறோம். ஆகவே அதைப் பற்றிய கவலை இல்லை.

கவலை முழுவதும் உச்சியில் வைக்கும் பொம்மையைப் பற்றியதே. அம்மம்மாவின் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது, 1959ஆம் ஆண்டு அவருடைய திருமணக் கேக்கில் இருந்த சோடிப் பொம்மை ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் இருந்து கிடைத்தது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் நாலரை அங்குல உயரம். வட்டமான வெள்ளைப் பீடம். அவர்களுக்குப் பின்னால் கம்பி வளைவு ஒன்று. வளைவு நெடுகத் துணியால் செய்த சிறிய வெள்ளைப் பூக்கள். உச்சியில் வெள்ளித்தாள் சுற்றிய மணி. வளைவையும் சேர்த்து அளந்தால் ஒன்பது அங்குலம் வருகிறது. பொம்பிளையின் தலையில் முக்காடாக இருக்கும் நெற் (வலைத்துணி) தேநீர் நிறமாகிவிட்டது. மூக்கு நுனி உடைந்து உள்ளே சுண்ணாம்பு போன்ற வெள்ளை தெரிகிறது. 1995 ஒக்ரோபர் கடைசியில் ஊரோடு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, இந்தத் தகரமும் சைக்கிள் கரியரில் கட்டிய பைக்குள் போய் வந்ததாம். மூக்கு உடைந்தது அந்தப் பயணத்தில் என்பது அம்மாவின் கணிப்பு.

இதற்கிடையில், ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் இணையத்தில் விற்பனைக்கு வந்துள்ள மூன்று பழைய பொம்மைகளின் படங்களை அனுப்பி, ஒன்றைத் தெரிவு செய்தால் தான் வரும்போது கொண்டுவருவதாகச் சொல்கிறாள். அம்மம்மாவுடையதை வைப்பதா, மச்சாள் சொல்வதில் ஒன்றை வாங்குவதா என்று வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஐசிங்காரி எழுதியது:

தங்கச்சி, நான் இருபது வருடங்களுக்கு மேலாகத் திருமணக் கேக் செய்து கொடுக்கிறவள் என்பதால், பொம்மையின் அழகை விட்டுவிட்டு அது நிற்கப்போகும் இடத்தைப் பற்றி முதலில் எழுதுகிறேன்.

மண்டபத்துக் கேக்கும் வளவுக் கேக்கும் ஒன்றல்ல. ஓகஸ்ட் மாதம் சோளகம் வீசுகிற காலம். பிற்பகலில் மாமரத்துக் கீழ்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்பது அங்குல உயரமுள்ள வளைவு, அதிலும் துணிப்பூ நிறைந்த வளைவு, அந்தக் காற்றுக்குப் பாய் விரித்ததுபோலத்தான். அடுத்தது வெப்பம். வெண்ணெய் ஏறத்தாழ 32 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்கிவிடும். நம்முடைய ஊரில் அந்த மாதத்தில் நிழலிலும் அதே சூடு இருக்கும். ஐசிங் இளகினால் பாரமான பீடம் மெதுவாகக் கீழே இறங்கும், இறங்கும்போது நேராக இறங்காது.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தோட்டத்துக் கல்யாணத்தில் இது எனக்கே நடந்தது. சுண்ணக்கலவையில் செய்த பொம்மை ஒன்றைப் பட்டர் ஐசிங்கின்மேல் நேரடியாக வைத்துவிட்டு, மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐந்து மணிக்குப் படம் எடுக்கும்போது மாப்பிள்ளைப் பொம்மை பின்னால் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து எவ்வளவு சிறிய பொம்மையானாலும் ஐசிங்கின்மேல் நேரடியாக வைப்பதில்லை.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். மேல் அடுக்கின் உயரத்துக்குச் சரியாக வெட்டிய நான்கு மரக்குச்சிகளைக் கேக்கினுள் செங்குத்தாக இறக்கி, அவற்றின் தலையில் பீடத்தைவிடச் சற்றுப் பெரிய மெல்லிய கேக் போர்ட் வட்டம் ஒன்றை வைத்து, அந்த வட்டத்தின்மேல் பொம்மையை நிறுத்தினால், பாரம் கேக்கில் தங்காமல் குச்சிகள் வழியாகக் கீழே உள்ள ரெஜிபோமுக்குப் போய்விடும். அதன் பிறகு ஐசிங் இளகினாலும் பொம்மை அசையாது. கேக்கின் விட்டம் 6 அங்குலம் என்றால் பீடம் 4 அங்குலத்துக்கு மேற்படக்கூடாது. சுற்றிவர ஓர் அங்குலமாவது வெறுமையாக இருந்தால்தான் கண்ணுக்கு அழகு, கத்திக்கும் வழி. உங்கள் பொம்மையின் பீடத்து அகலத்தை எழுதவில்லையே? சமையலறைத் தராசில் நிறுத்துப் பாரமும் சொல்லுங்கள்.

பழம்பெட்டி எழுதியது:

ஐசிங்காரி அக்கா சொன்னவை அனைத்தும் சரியே. நான் பழைய பீங்கான், பொம்மை வகைகளைச் சேகரிக்கிறவன் என்ற முறையில், பொம்மை எதனால் ஆனது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஏனெனில் தெரிவின் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும்.

கேக்கின்மேல் உருவங்களை வைக்கும் வழக்கம் பழையது. 1840இல் விக்டோரியா மகாராணியின் திருமணத்துக்குச் செய்த, 300 இறாத்தல் எடையுள்ள கேக்கின் உச்சியில், பண்டைய உரோம உடையணிந்த மணமக்களைப் பிரித்தானியா தேவி ஆசீர்வதிப்பதுபோல ஏறத்தாழ ஓரடி உயர உருவங்கள் இருந்தன. மாப்பிள்ளையின் காலடியில் ஒரு நாய்கூட இருந்தது. ஆனால் கோட்டுப் போட்ட மாப்பிள்ளையும் நெற் அணிந்த பொம்பிளையும் கைகோத்து நிற்கும் நாம் அறிந்த சோடி, 1920களில் அமெரிக்காவில் தபால் விற்பனைப் பட்டியல்கள் வழியாகப் பரவியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மாப்பிள்ளைக்குப் படைச் சீருடைகூட அணிவித்தார்கள். 1950களுக்குப் பிறகு பிளாஸ்ரிக் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

மச்சாள் அனுப்பிய மூன்றும் எவை என்று தெரியவில்லை. பொதுவாகச் சந்தையில் கிடைப்பவை இவைதான். பிஸ்க் என்பது மெருகு பூசாத பீங்கான். கன்னத்தில் வைத்தால் குளிரும், நகத்தால் தட்டினால் சன்னமாக ஒலிக்கும், மேற்பரப்பு முட்டைக்கோதுபோல இருக்கும். வெயிலுக்கும் ஈரத்துக்கும் அஞ்சாது என்பதால் தோட்டத்துக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. அடியில் ‘ஒக்குபைட் ஜப்பான்’ என்ற முத்திரை இருந்தால், போருக்குப் பின் ஜப்பான் நேச நாடுகளின் ஆளுகையில் இருந்த 1945 முதல் 1952 வரையான காலத்துச் சரக்கு என்று கொள்ளலாம். ஆனால் போலி முத்திரைகளும் உண்டு, ஆகவே முத்திரையை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்கவேண்டாம்.

செலுலோயிட் என்ற ஆரம்பகாலப் பிளாஸ்ரிக்கில் செய்த பொம்மை மிகவும் பாரம் குறைந்தது, உள்ளே வெறுமையானது, வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒளி ஊடுருவும். பெருவிரலால் சூடேறத் தேய்த்து மணந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் அதுவேதான். அது இலகுவில் தீப்பற்றும் பொருள். இப்போதெல்லாம் கேக்கின்மேல் பூவாணம்போலப் பொறி பறக்கும் மெழுகுதிரிகளை வைக்கிறார்களே, அவற்றுக்குப் பக்கத்தில் செலுலோயிட்டை வைப்பது வைக்கோற் போருக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டுவதற்குச் சமம். நூற்றாண்டு வயதுள்ள பொருளானாலும் நான் வாங்கமாட்டேன். மெழுகுப் பொம்மையைப் பற்றி யாழ்ப்பாணத்து ஓகஸ்ட் மாதத்தில் பேசவே தேவையில்லை. சீனிப் பசையில் செய்த பழைய பொம்மைகளை நீங்கள் அடையாளம் காணாவிட்டாலும் எறும்பு அடையாளம் கண்டுவிடும்.

அம்மம்மாவுடையது, உடைந்த இடத்தில் சுண்ணாம்பு தெரிகிறது என்பதை வைத்துப் பார்த்தால், பிளாஸ்ரர் ஒஃப் பாரிஸ் எனப்படும் சுண்ணக்கலவை. அது தண்ணீரை உறிஞ்சும். எக்காரணம் கொண்டும் கழுவவேண்டாம்; ஈரத் துணியால் துடைக்கவும் வேண்டாம். மென்மையான, உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டினால் போதும். நெற்றைக் கழற்ற முடிந்தால் மட்டும் கழற்றி, குழந்தைச் சவர்க்காரம் கலந்த தண்ணீரில் தனியாக ஊறவைக்கலாம். கழற்ற வராவிட்டால் தேநீர் நிறத்துடனேயே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, முக்கியமானது. அந்தக் காலத்து வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலப்பது சாதாரணம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பாவனைப் பூச்சுகளில் ஈயத்தைத் தடை செய்தது 1978இல்தான். ஆகவே பூச்சு உரிகிற எந்தப் பழைய பொம்மையும், அம்மம்மாவுடையதானாலும் மச்சாளுடையதானாலும், சாப்பிடும் ஐசிங்கில் நேரடியாகத் தொடக்கூடாது. அக்கா சொன்ன போர்ட் வட்டம் இதற்கும் உதவும். ஆனால் வட்டம் பீடத்தைவிட எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக இருக்கவேண்டும். உரிகிற துகள் வட்டத்திலேயே விழட்டும்.

ஸ்காபரோ மச்சான் எழுதியது:

இங்கேயிருந்து வாங்குவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ‘விண்டேஜ்’ என்று தலைப்பில் போட்டிருப்பவற்றில் பல, பழையதுபோலத் தெரியும்படி சென்ற வருடம் செய்தவை. விளக்கத்தின் கடைசி வரியில் ‘பழைய பாணி’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். பீடத்தின் அடிப்பகுதிப் படம், பக்கத்தில் அடிமட்டம் வைத்த படம், உடைவு இருக்கும் இடங்களின் கிட்டப் படம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். தராத விற்பனையாளரை விட்டுவிடுங்கள். நானும் ஒருமுறை படத்தைப் பார்த்து மயங்கி வாங்கினேன். வந்த பொம்மையின் மொத்த உயரம் ஒன்றரை அங்குலம். கப் கேக்குக்குத்தான் ஆகும். வாங்கினால், விமானத்தில் வரும்போது பொதியில் போடாமல் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பழைமைதான் வேண்டும், ஆனால் வெள்ளைக்காரச் சோடி வேண்டாம் என்றால், தமிழ்நாட்டில் செஞ்சந்தனக் கட்டையில் செய்யும் மரப்பாச்சிச் சோடியையும் யோசிக்கலாம். மரம் என்பதால் காற்றுக்கும் சூட்டுக்கும் அசையாது.

வளவுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்டபடி அளந்து நிறுத்தேன். பீடம் நாலேகால் அங்குலம். பாரம் 340 கிராம். தூக்கும்போது இவ்வளவு என்று தெரியவில்லை. மச்சாள் அனுப்பியவற்றில் ஒன்று பிஸ்க், ஒன்று பழைய பாணியில் செய்த புதியது, மூன்றாவது அநேகமாகச் செலுலோயிட், அதை விட்டுவிட்டோம்.

மச்சான் எழுதியதை வாசித்த பிறகு ஒரு விடயத்தை மறைக்காமல் கேட்கிறேன். அம்மம்மாவின் பொம்மைகள் இரண்டும் இளஞ்சிவப்பு முகமும் நீலக் கண்ணும் உள்ளவை. மாப்பிள்ளையின் தலைமுடிகூடச் செம்பட்டை. தம்பி சித்திரம் நன்றாகக் கீறுவான். மூக்கையும் ஒட்டி, முகங்களை எங்கள் நிறத்துக்கும் முடியைக் கறுப்புக்கும் மாற்றி, பொம்பிளையின் உடுப்பைத் தங்கையின் சேலை நிறத்துக்குப் பூசித் தருகிறேன் என்கிறான். செய்யலாமா?

சுண்டுக்குளி மாமி எழுதியது:

பிள்ளை, செய்யவேண்டாம்.

உன் அம்மம்மாவின் காலத்தில் கடைக்கு வந்த சோடிப் பொம்மைகள் எல்லாமே அந்த நிறத்தில்தான் வந்தன. நாங்கள் எவரும் அவற்றில் எங்கள் முகத்தைத் தேடவில்லை. 1970களில் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த வருடங்களில் கடையில் எதுவும் கிடைக்காது. எங்கள் குடும்பத்தில் இருந்த ஒரே ஒரு பொம்மை, என்னுடைய கல்யாணத்தையும் சேர்த்து, நான்கு கல்யாணக் கேக்குகளில் ஏறி இறங்கியது. கேக்கை வெட்ட முன்னர் பொம்மையை எடுத்துத் துடைத்துப் பெட்டியில் வைக்கவேண்டியது மாப்பிள்ளைத் தோழனின் பொறுப்பு. மறந்துபோனால் பெரியம்மா எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடுவார்.

அந்தப் பொம்மைக்குப் பின்னாளில் நடந்ததையும் சொல்கிறேன். என் மருமகள் ஒருத்தி, நல்ல மனதோடுதான், இனாமல் பூச்சு வாங்கி முகங்களுக்குப் புதிதாகத் தீட்டினாள். முதல் கிழமை பளபளவென்று இருந்தது. அதற்குப் பிறகு சுண்ணக்கலவை உள்ளே வைத்திருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல், பூச்சு கொப்பளித்துப் பழைய வண்ணத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உரிந்தது. இப்போது கண் எது, வாய் எது என்று தெரியாத இரண்டு வெள்ளைக் கட்டைகள் என் அலுமாரியில் இருக்கின்றன. மூக்கில்லாத பொம்பிளையைப் பத்தடி தூரத்தில் நின்று பார்க்கிற ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. படம் எடுப்பவரிடம் மாப்பிள்ளைப் பக்கமாக நின்று எடுக்கச் சொல். தம்பிக்குக் கை துருதுருவென்று இருந்தால், அவன் களிமண்ணில் புதிதாக ஒரு சோடி செய்து, தங்கையின் சேலை நிறத்தைப் பூசி, பெட்டிக் கேக் வைக்கும் மேசையில் வைக்கட்டும்.

நிறத்தைவிட எனக்குக் கவலை அந்த வளைவு. கம்பி துருப்பிடித்திருக்கும், கடற்காற்று அடிக்கிற ஊரில் 1959ஆம் ஆண்டுக் கம்பி துருப்பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். துணிப்பூவைத் தொட்டாலே கொட்டும். அது பீடத்தில் சொருகியதா, ஒட்டியதா என்று பார். சொருகியது என்றால் பக்குவமாக உருவி எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்துக்குப் பனையோலையில் மெல்லியதாக ஒரு வளைவு பின்னுவித்துக் கொள்ளலாம். ஓலை பாரமில்லாதது, பின்னலுக்கு நடுவால் காற்றும் போகும்.

வளவில் பூக்கிறதையெல்லாம் பறித்துக் கேக்கில் சொருகுகிற பழக்கம் இப்போது வந்திருப்பதால் இதையும் எழுதுகிறேன். அலரி, பொன்னலரி, நித்தியகல்யாணி, கார்த்திகைப்பூ நான்கும் நஞ்சு. பார்க்க எவ்வளவு அழகானாலும் கேக்கின் பக்கத்தில் வரக்கூடாது. கோயிற்பூ மரத்தின் பாலும் ஆகாது. மருந்து அடிக்காத மல்லிகையும் ரோசாவும் போதும். அவற்றின் காம்பையும் ஐசிங்கில் குத்தாமல், பொம்மை நிற்கிற வட்டத்தின்மேல் வை.

ஐசிங்காரி எழுதியது:

மாமி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். 340 கிராம் என்பது பட்டர் ஐசிங்குக்கு அதிகம், ஆனால் நான்கு குச்சிகளுக்கு ஒன்றுமில்லை. பீடம் நாலேகால் அங்குலம் என்பதுதான் இடிக்கிறது. பழம்பெட்டித் தம்பி சொன்னபடி சுற்றிவர அரை அங்குலம் விட்டால் வட்டம் ஐந்தேகால் அங்குலமாகிவிடும், 6 அங்குலக் கேக்கில் மூடி போட்டதுபோல இருக்கும். உங்களுக்குக் கேக் செய்பவரிடம் மேல் அடுக்கை 8 அங்குலமாகவும், கீழ் இரண்டையும் அதற்கேற்பக் கூட்டியும் செய்யச் சொல்லுங்கள். ரெஜிபோம் என்பதால் கீழடுக்குகளைப் பெரிதாக்குவதில் பெரிய செலவு வராது. மூன்று வாரத்துக்கு முன்னரே சொன்னால் எவரும் மறுக்கமாட்டார்கள்.

வட்டத்தின்மேல் மெல்லிய கண்ணாடித் தாள் ஒன்றை விரித்து, பீடத்தைச் சுற்றி பொன்டன்ட் எனும் சீனிப் பசையில் உருட்டிய கயிறு ஒன்றை வளையமாக அழுத்திவிட்டால் பொம்மை வழுக்காது. அந்தக் கயிற்றை எவரும் சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பசை எதையும் பூசவேண்டாம். பொம்மையை முற்பகலில் வைத்துவிடாதீர்கள். மணமக்கள் கோயிலில் இருந்து வந்து இறங்கிய பிறகு வைத்து, படம் எடுத்து, கத்தி வைக்க முன்னர் வட்டத்தோடு சேர்த்துத் தூக்கிவிடுங்கள். அரை மணித்தியாலம் நின்றால் போதும். மேசையை மாமரத்துக்கு நேர்கீழே போடவேண்டாம். காற்று ஒருபுறம் இருக்க, அணில் இருக்கிறது.

வளவுக்காரி எழுதியது:

வளைவு சொருகியதுதான். தம்பி மெதுவாக உருவியபோது கம்பியின் நுனி துருவாகக் கையில் உதிர்ந்தது. பூக்களில் எட்டு மட்டும் முழுதாகத் தேறின. அவற்றை நெற்றோடு சேர்த்துத் தகரத்தில் வைத்துவிட்டோம். வளைவு இல்லாமல் பார்க்கும்போதுதான் மாப்பிள்ளையின் இடது கை பொம்பிளையின் முதுகுக்குப் பின்னால் போயிருப்பது தெரிகிறது. இத்தனை வருடமும் அந்தப் பூக்கள் அதை மறைத்திருக்கின்றன. அம்மாவே அதை இன்றைக்குத்தான் கண்டார்.

மேல் அடுக்கை 8 அங்குலமாக்கக் கேக் செய்பவர் சம்மதித்துவிட்டார். பனையோலை வளைவுக்கு ஐந்து அங்குல உயரம் போதும் என்று சொல்லியிருக்கிறோம். பிஸ்க் பொம்மையை மச்சாள் தன் செலவில் எப்படியும் வாங்கி வரப்போகிறாளாம். அது பெட்டிக் கேக் மேசைக்கு. தம்பி களிமண் தேடி வெளிக்கிட்டுவிட்டான், ஆகவே அந்த மேசையில் இரண்டு சோடி நிற்கும்.

பொம்மையை எடுக்கிற பொறுப்பு மாப்பிள்ளைத் தோழனுக்கு. ஞாபகப்படுத்துகிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்வதாக அம்மம்மா சொல்லிவிட்டார்.